எல்லை தாண்டாத ஏழு நாட்கள்

சங்கரன்கோவில்
4.8.2025

அன்புள்ள தேன்மொழி அப்பாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் சுகம். அங்கே வெயில் உங்களைக் காந்தாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஓட்டல்காரர்கள் ஒரு வாரம் குடும்பத்தோடு தங்க ரூம் தருகிறார்கள் என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். கடற்கரையில் ஊராருக்கெல்லாம் குடை விரித்துக்கொடுக்கிற மனுஷனை ஒரு வாரம் அந்தக் குடைக்குக் கீழே உட்காரச் சொல்கிறார்களே, அவர்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும்.

போன வருஷம் தேன்மொழி சடங்குக்கு நீங்கள் வரவில்லை என்ற கோபத்தில், "நீங்க இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு" என்று போனில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் போனில் பேசுவதில்லை, பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். கடுதாசி எழுதுவோம், சண்டை வந்தாலும் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. அஞ்சாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்தும் கொஞ்சம் தேறியிருக்கிறது.

நாங்கள் அங்கே வந்து இறங்குகிற நாள் அக்டோபர் ஏழு, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் நம் தெரு முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் காப்புக் கட்டாத கொடை இது ஒன்றுதான். போகட்டும், அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். திருச்செந்தூர் போனால் கடலில் ஒரு முங்கு, சாமி கும்பிடு, புளியோதரை, மத்தியானம் பஸ். ஏழு நாளும் கடற்கரையில் என்னதான் செய்வார்கள்? மறைக்காமல் எழுதவும்.

இப்படிக்கு,
மாரிசெல்வி


சைப்ரஸ்
26.8.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விசா ஆபீசில் சிரித்த முகமாக இரு. நீ உற்றுப் பார்த்தால் சண்டைக்கு வந்தது போல இருக்கும்.

என்ன செய்வார்கள் என்று கேட்டாய். முதல் நாள் ஒன்றும் செய்ய மாட்டார்கள், தூங்குவார்கள். பிறகு பார், காலையில் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது, முகத்தில் புலி, பூனை வரைந்து விடுவார்கள். நம் மாகாளிக்கு எட்டு வயசுதானே, அங்கே விட்டால் வீட்டுக்கு வரமாட்டேன் என்பான். நீச்சல் குளத்தில் தண்ணீரோடு சேர்ந்து இறங்குகிற சறுக்குமரம் மூன்று. மணல் கோட்டை கட்டுகிற போட்டி உண்டு. அப்பாமார்கள்தான் கட்டுவார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்பார்கள். மிதித்து ஓட்டுகிற படகு இருக்கிறது, அடியில் கண்ணாடி வைத்த படகும் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மீன் போகும். சாயங்காலம் பாட்டுப் போட்டு, தாய் தகப்பன் பிள்ளை எல்லாரும் ஆடுவார்கள். நீ ஆட வேண்டாம். நான் ஆடுவேன், நீ சிரிக்கலாம்.

இந்த மத்தியதரைக் கடலில் அலையே கிடையாது. நம் பெரிய குளம் நிறைந்து கிடப்பது போலச் சும்மா கிடக்கும். சேலையோடேயே இறங்கு, யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடையநல்லூர் ஆரிப் என்னோடு வேலை பார்க்கிறான் அல்லவா, அவன் சொல்லுகிறான், "அண்ணாச்சி, அந்த ஒரு வாரம் நான் உமக்கு ஜூஸ் கொண்டாந்து தாரேன். டிப்ஸ் வச்சிட்டுப் போவும்வே."

அன்புடன்,
ராஜதுரை


சைப்ரஸ்
15.10.2025

செல்விக்கு,

நேற்று உங்களை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். ரூமைக் காலி செய்துவிட்டு மறுபடியும் எங்கள் தங்குமிடத்துக்கு வந்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, அதுவரைக்கும் சந்தோஷம். உன்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏழு ராத்திரியும் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் விரித்துப் படுத்தாய். "இடுப்பு வலிக்கி" என்றாய். வரிசையாக மீன் வறுத்து வைத்திருந்தார்கள், நீ தயிரும் பழமும் எடுத்துக்கொண்டு தனியே போய் உட்கார்ந்தாய். நீ ஊரில் மீன் குழம்பு என்றால் சட்டியை வழித்துத் தின்பவள். பக்கத்து ஊர்த் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆசையாகக் கார் சொல்லியிருந்தேன். வாசல் வரை வந்தாய். கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உருவிக்கொண்டு, "எல்லையத் தாண்டக் கூடாதுங்க" என்றாய். பிள்ளைகள் முன்னால், ஆரிப் முன்னால்.

என் எல்லை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்கிறது என்று நீ சொன்னது கோபத்தில் சொன்னது இல்லை.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை தருகிறார்கள். நவம்பர் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடப் போகிறேன். வேண்டாம் என்றால் எழுது.

ராஜதுரை


சங்கரன்கோவில்
4.11.2025

அன்புள்ள தேன்மொழி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. தபாலில் போட்டால் பத்தாம் தேதி தாண்டிவிடும். போனில் சொல்லலாம் என்றால் வாயைத் திறந்தாலே அழுகைதான் வருகிறது, போன தடவை மாதிரி எதையாவது சொல்லிவிடுவேன். அதனால் எழுதி, தேன்மொழியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் பிடி என்றிருக்கிறேன். படித்திருப்பாள்.

நாங்கள் வந்து இறங்கியது காப்புக் கட்டுச் செவ்வாய். ஓட்டல் வாசலில் வேலைக்கு நிற்கிற அந்தப் பிள்ளை ஒரு மஞ்சள் பட்டையை உங்களிடம் கொடுத்தாள். நீங்கள் என் கையைப் பிடித்து மணிக்கட்டில் கட்டினீர்கள். "ஊருக்குக் கிளம்புற வரைக்கும் கழட்டிராத" என்று சொன்னதும் நீங்கள்தான். எனக்கு அந்த இடத்திலேயே மேலெல்லாம் புல்லரித்துப் போயிற்று. கடல் தாண்டிப் போகிறோமே, இந்த வருஷம் அம்மனுக்குக் காப்பு இல்லையே என்று விமானத்தில் அழுதுகொண்டே வந்தவள் நான். கட்டுவது நீங்களானாலும் கட்டச் சொன்னது அவள்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூஸ் வாங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அடையாளப் பட்டை அது என்று தேன்மொழி சொன்னாள். சொன்னால் என்ன? காப்பு என்று மனசு நினைத்த பிறகு அது காப்புதானே. காப்புக் கட்டினவள் தரையில்தான் படுக்க வேண்டும், கவுச்சி கூடாது, புருஷன் பக்கம் போகக் கூடாது, மறு செவ்வாய் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அங்கே ஊர் ஏது, எல்லை ஏது? அந்த ஓட்டல் சுவரைத்தான் எல்லையாக வைத்துக்கொண்டேன். உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த மனுஷன், காப்புக் கட்டு என்று கடிதத்திலும் எழுதியிருந்தேன், தெரிந்துதான் சும்மா இருக்கிறார் என்று நினைத்தேன். இடுப்பு வலி என்றது பிள்ளைகள் காதுக்காக. எதற்காகக் காப்பு என்பதை வெளியே சொல்லக் கூடாது. இப்போது கொடை முடிந்துவிட்டது, சொல்லலாம். நம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிற அந்தப் பேச்சு போக வேண்டும் என்றுதான்.

நீங்கள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஏழு நாளும் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

தினமும் என் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை மாகாளி சறுக்குமரத்தில் நாற்பத்தியொரு தடவை. "அப்பா, கீழ நில்லுங்க, நான் விழுதேன் பிடிங்க!" நாற்பத்தியொரு தடவையும் பிடித்தீர்கள். வியாழக்கிழமை மணல் கோட்டைப் போட்டியில் கோட்டைக்குப் பதில் கோபுரம் கட்டினீர்கள். அந்த வெள்ளைக்காரப் பெரியவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை தேன்மொழியை மிதிபடகில் ஏற்றி அரை மணி நேரம். "அப்பா என் ஸ்கூல் பிள்ளைக பேரெல்லாம் கேட்டாங்கம்மா, எல்லாத்தையும் மறுபடி சொல்லிக் காட்டுனாங்க" என்றாள். சனிக்கிழமை கண்ணாடிப் படகு. அது ஓட்டல் கடலுக்குள்ளேயே சுற்றியதால் நானும் ஏறினேன். காலுக்கடியில் மீன் கூட்டம் போனதும் பயந்து உங்கள் தோளைப் பிடித்துவிட்டேன். விரதம் முறிந்ததோ என்று ராத்திரி அம்மனிடம் கேட்டேன். இதற்கெல்லாம் கோபிக்கிறவளா அவள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆடினீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அதை நீங்கள் பார்க்கவில்லையா?

இவ்வளவும் எனக்குக் கொடுத்த உங்களுக்கும், அந்த ஓட்டல்காரர்களுக்கும், மாகாளிக்கு நீந்தப் பழக்கிக்கொடுத்த ஆரிப் தம்பிக்கும் நான் என்ன கைமாறு செய்யப் போகிறேன்! கையெழுத்து உங்கள் கையில். போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் இஷ்டம். மனசில் மட்டும் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
மாரிசெல்வி


சைப்ரஸ்
7.11.2025

அன்புள்ள செல்விக்கு,

தேன்மொழி அனுப்பிய படத்தைக் குடைகளுக்கு நடுவே நின்று படித்தேன். ஆரிப் ஓடிவந்து, "அண்ணாச்சி, ஊர்ல யாருக்கும் எதுவும் ஆயிட்டா?" என்று பதறினான். நான் ஒரு மடையன், வேற ஒன்றும் இல்லை என்றேன். "இது எனக்கு ஆறு வருசமாத் தெரியுமே" என்கிறான்.

தினமும் நூறு பேருக்கு அந்தப் பட்டையைக் கட்டிவிடுவதைப் பார்க்கிறேன். மாலையில் குப்பையில் கிடக்கும். உன் கையிலும் அதையே கட்டினேன், ஒன்றும் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது, செல்வி. மன்னித்துக்கொள்.

இன்று ஆபீசுக்குப் போய், கையெழுத்து வேண்டாம், டிசம்பர் கடைசியில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு தாள் கொடுத்தார்கள். வேலையை விடக் காரணம் என்ன என்று அதில் ஒரு வரி. "மனைவி வரச் சொன்னாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரூமுக்கு வந்து உன் கடிதத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். இத்தனை எழுதியிருக்கிறாய், வரச் சொல்லி ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆரிப்பிடம் கொடுத்தேன். அவனும் பார்த்துவிட்டு, "இல்லையேவே" என்கிறான். நானோ பொய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
ராஜதுரை


சங்கரன்கோவில்
25.11.2025

அன்புள்ள தேன்மொழி அப்பாவுக்கு,

இதைப் படம் பிடிக்கத் தேன்மொழியிடம் கொடுக்கவில்லை. நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

வாங்க.

மாரிசெல்வி