உள்ளே சூம்பிய கை

காலையில் உன் வேதப்புத்தகத்தைத் திறந்தேன். பக்கங்களில் இன்னும் தலைவலித் தைல வாடை அடிக்கிறது. நெற்றியில் தடவிய விரலாலேயே தாள் புரட்டுவாய். நீ போன பிறகு அதை நான் கையில் எடுப்பது இதுதான் முதல் தடவை.

ஓசூர் ரோட்டில் லாரி மோதி நம் மகன் இறந்த பிறகு நீ ஜெபிப்பதையே விட்டிருந்தாய். ஆலயத்துக்கு மட்டும் என்னோடு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை சூம்பிப்போன ஒருவனை ஆண்டவர் கையை நீட்டச் சொன்னதும் அவன் நீட்ட, கை நலமான பகுதியை வாசித்தார்கள். ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு நடந்து திரும்பும்போது சொன்னாய்: "எனக்குக் கை நல்லாத்தாங்க இருக்கு. உள்ளதான் சூம்பிப் போச்சு."

எனக்குப் பிடிக்கவில்லை. "அது அற்புதம்மா. நெஜமா நடந்தது. உவமை மாதிரி பேசாத," என்றேன்.

"நடக்கலன்னு நான் சொல்லலையே. எனக்குள்ளயும் நடக்கணும்ல?"

விபத்து வழக்குக்காக அடுத்த முறை கோர்ட்டுக்குப் போனபோது அந்த லாரி டிரைவர் வராந்தாவில் சுவரோரமாக நின்றிருந்தான். நம் மகன் வயதுதான் இருக்கும். நீ நேராகப் போய் அவன் கையைப் பிடித்தாய். "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில், பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்பதுபோல, சாப்பிட்டானா என்று விசாரித்தாய். அவன் உன் கையில் முகம் புதைத்து அழுதான். நான் படியிறங்கி வெளியே போய்விட்டேன்.

அன்றைக்குத்தான் நீ மறுபடி வேதத்தைத் திறந்தாய். நிம்மதியாகத் தூங்கவும் செய்தாய். அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

பிறகு சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, நீயும் போனாய். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்ததும் அந்த டிரைவர் வந்து நின்றான். "சார், நானும் போடலாமா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். நான் கொஞ்சம் விலகி நின்றேன். அவன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான்.

இன்று அந்தச் சூம்பிய கைப் பகுதியை ஆளில்லாத வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எனக்குள் எதுவும் அசையவில்லை. அந்த டிரைவரை நினைத்தால் இன்னும் நெஞ்சு இறுகத்தான் செய்கிறது. ஆனால் கோர்ட்டில் அவன் கையைப் பிடித்த நேரம், மகன் போனதிலிருந்து நான் பார்க்காத உன் பழைய முகம் திரும்ப வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன். உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முகம்தான்.