மெதுவாக ஓடிய தட்டு

மார்ச் 5, செவ்வாய்

ஏதோ ஓட்டலில் பெரிய கூட்டம் தங்கியிருந்ததாம். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மலைபோல் கிடந்தன. என் வேலை மடிப்பது. பெரிய விரிப்பை ஒரு ஆளாக மடிக்க முடியாது. எதிர்முனையில் ரேடியோ அக்கா நிற்பாள். ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். கிட்டே வந்து முனையைக் கொடுக்க வேண்டும், பின்னால் போக வேண்டும், மறுபடி கிட்டே வர வேண்டும். அவள் பேசுவாள், நான் முனையைக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டு மெஷினில் நாற்காலி இசைத்தட்டைப் போட்டேன். அட்டையில் கால் உடைந்த நாற்காலியின் படம் மட்டும்தான், ஓர் எழுத்துகூட இல்லை. மாமா விட்டுப்போன பெட்டியில் இருப்பதெல்லாம் பங்க், நாய்ஸ் ராக் என்று வெளிநாட்டுப் பாட்டு. எல்லாமே சத்தம். ஆனால் இது மட்டும் மெதுவான சத்தம். கிட்டார், பீரோவைத் தரையில் இழுப்பதுபோல் வரும். அதற்குள்ளிருந்து ஒரு ஆள் கத்துவான். என்ன பாஷையோ. கோபமாக ஆரம்பித்து, கத்தும்போதே அலுத்துப்போன ஆள்.

கேட்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன் போல.

மார்ச் 8, வெள்ளி

மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர், இப்போது கொஞ்சம் பெரிய வீடு பார்த்திருக்கிறாராம். பாட்டு மெஷினையும் பெட்டியையும் எடுத்துப்போக வருகிறார்.

"தாராளமா எடுத்துட்டுப் போடா தம்பி. தினமும் மிக்ஸியில கரண்டி விழுந்த மாதிரி இருக்கு. நாய்ஸாம். பேர்லயே நாய் இருக்கு" என்றாள் அம்மா. அந்தப் பக்கம் மாமா சிரித்தது எனக்கே கேட்டது.

பிறகு என்னிடம் சொன்னாள். நான் சரி என்றேன். சொன்னேனா, தலையை ஆட்டினேனா?

மார்ச் 9, சனி

விட்டுட்டுப் போங்க மாமா.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

மார்ச் 13, புதன்

ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று ரேடியோ அக்கா கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் நாத்தனார் கதைக்குப் போய்விட்டாள். நல்லவேளை.

என்ன சொல்வது? டீச்சர் பெயர் வாசிப்பார். என் முறை வரும்போது வாய் திறக்கும், சத்தம் வராது. பக்கத்தில் உட்காருபவள் எனக்காகச் சொல்லிவிடுவாள். அவள் வேறு பள்ளிக்கூடம் போனபிறகு, நான் உட்கார்ந்திருக்கும்போதே வரவில்லை என்று போட்டார்கள். டீச்சரைக் குறை சொல்ல முடியாது. கடைசி வரிசை அவருக்குச் சரியாகத் தெரியாது. வகுப்பு சிரித்தது. கொஞ்ச நாளில் நிஜமாகவே போகாமல் இருந்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 17, ஞாயிறு

நாற்காலித் தட்டு. இரண்டு பக்கமும். மறுபடி முதல் பக்கம்.

மார்ச் 23, சனி

மாமா வந்துவிட்டார். தொப்பை விழுந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மெஷின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, "உனக்கு எது பிடிக்கும், போடு பாப்பா" என்றார்.

நாற்காலித் தட்டைப் போட்டேன். மாமா நெற்றியைச் சுருக்கினார். தட்டையே உற்றுப் பார்த்தார். பிறகு புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"இத்தனை நாளா இதை இப்படியா கேட்ட?"

மெஷினில் வேகத்துக்கு ஒரு குமிழ் உண்டு. நிமிஷத்துக்கு 33 சுற்று, 45 சுற்று. சின்னத் தட்டுக்கு 45, பெரிய தட்டுக்கு 33 என்று நினைத்திருந்தேன். பெரிய தட்டிலும் சிலது 45-இல் ஓட வேண்டுமாம். இது அப்படிப்பட்டது. மாமா குமிழைத் திருப்பினார்.

அந்த ஆள் ஆணே இல்லை. பெண். என் வயதுதான் இருக்கும். அலுப்பெல்லாம் கிடையாது. மூச்சு வாங்காமல் கத்துகிறாள், யாரோ கதவைச் சாத்துவதற்குள் உள்ளே ஓடிவிடுகிறவள் மாதிரி. பீரோ இழுக்கிற சத்தத்தையும் காணோம்.

"இதுதான் பங்க். எப்படிப் பறக்குது பாரு" என்றார் மாமா.

"இது தேவலை, சீக்கிரம் முடியுது" என்று சமையலறையிலிருந்து அம்மா.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. என் இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி —

"பழையபடி வைங்க."

"அது தப்பு பாப்பா."

"தப்பா இருந்தா இருக்கட்டும். அந்த ஆள் எங்க?"

அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். என் குரலைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். மாமா என்னைப் பார்த்தார். குமிழை 33-க்குத் திருப்பினார். ஒரு பக்கம் முழுக்க மூன்று பேரும் கேட்டோம். அம்மா கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

போய்விட்டார். பெட்டிக்குக் கயிறு கட்டும்போது முடிச்சின் மேல் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்துக்கட்டுமா?" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சரியென்று என் தலை தானாக ஆடியது. இந்தத் தலையை என்னதான் செய்வது?

வாய் ஒருமுறைதான் திறந்தது. அதையும் வேகத்துக்குச் செலவழித்துவிட்டேன். மெஷினையே கேட்டிருக்கலாமேடி. லூசு.

குட்டை மேசைமேல் மெஷினின் நான்கு கால்களின் தூசித் தடம் மட்டும் இருக்கிறது. அம்மா அதைத் துடைக்காமல் சுற்றித் துடைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மடித்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

"ஏய், முனையை ஏன் வெடுக்கு வெடுக்குனு பிடுங்குற? யாரு துரத்துறா உன்னை?" என்றாள் ரேடியோ அக்கா. அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

தலைக்குள் அந்த ஆளை வரவழைக்கப் பார்க்கிறேன். வர மாட்டேன் என்கிறான். கூப்பிடாமலே வருவது 45-இல் கத்தும் அந்தப் பெண்தான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாமா போன் செய்தார். பேசி முடித்ததும் அம்மா எப்போதும்போல் போனை என் பக்கம் நீட்டினாள். நான் எப்போதும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவேன். இன்று, நீட்டிய போனிலிருந்து அந்தப் பீரோ இழுக்கிற சத்தம் வந்தது. வாங்கிக் காதில் வைத்தேன்.

33-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. "மாவு மெஷின் மாதிரி என்னங்க இது" என்று பின்னால் அத்தை கேட்டாள். அந்த ஆள் கத்தினான். அலுத்தான். பக்கம் முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது.

"பாப்பா, லைன்ல இருக்கியா?"

தலையை ஆட்டினேன். போனில் அது தெரியாது.

"பாப்பா?"

"இருக்கேன்" என்றேன். "திருப்பிப் போடுங்க மாமா. அடுத்த பக்கம் நாப்பத்தஞ்சுல."

தட்டைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு குமிழ்.