அடைக்கல மாதாவின் இடது பக்கம்

இராயபுரம்
2.2.2025

அன்பு மகள் மெர்லினுக்கு உன் நைனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஜெர்மனி வேலைக்குப் போகட்டுமா என்று நீ கேட்டதும் போனை வைத்துவிட்டேன். பேசினால் சத்தம் போடுவேன். கடுதாசியில் அந்த வசதி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் அப்புறம். முதலில் நம் போட்டு விஷயம்.

புதுப் படகுக்கும் ‘அடைக்கல மாதா’தான்; நீ கம்ப்யூட்டரில் வரைந்த எழுத்தில்தான் பெயர். பழைய படகில் பெயின்டர் ‘அடைக்கல மா’ வரை வந்து, இடம் பற்றாமல் ‘தா’வைக் கீழே இறக்கிவிட்டான். உன் எழுத்து தடியாகவும் இருக்கிறது, ஒல்லியாகவும் இருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை, எனக்குத் தடி மட்டும்தான் வாய்த்தது. அந்தச் சாய்வைப் பார்த்தால் நிற்கிற படகே ஓடுகிற மாதிரி இருக்கிறது. அனுப்பி வை.

உன் நைனா
செல்வநாதன்

புனே
8.2.2025

அன்புள்ள நைனாவுக்கு,

ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நம் எழுத்து பிறவியிலேயே அகலம். தடியாக்கி நெருக்கினால் ‘க’வின் சுழி அடைத்துக்கொள்ளும். சும்மா சாய்த்தால் வளைவெல்லாம் கோணிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் திரும்ப வரைந்தேன். ஓடுகிற பஸ்ஸிலும் ஜெர்சி முதுகிலும் சட்டென்று படிக்கத்தான் இந்த எழுத்து.

ஒன்று கவனி. சாய்ந்தது படகின் வலது பக்கத்துக்கு மட்டும். இடது பக்கம் நின்று பார்த்தால் முகப்பு நம் இடக்கைப் பக்கம் வரும். அங்கே ஒட்டினால் எழுத்து பின்னால் சாயும். அதற்கு நிமிர்ந்த எழுத்து தனியாக இருக்கிறது.

மாதக் கடைசிக்குள் ஜெர்மனிக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். அதையாவது சொல்.

மெர்லின்

இராயபுரம்
18.2.2025

அன்பு மகளுக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. நிமிர்ந்த எழுத்து போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக இருந்தது. ஸ்டிக்கர் கடை பாஸ்கலிடம் இரண்டு பக்கமும் சாய்வே போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து சாமியார் படகை மந்திரிக்க வந்தார். வலது பக்கம் ஜோர். இடது பக்கம் வந்ததும் பக்கத்துப் படகு மனோகரன் கத்தினான்: “இன்னா மாமு, இந்தாண்ட போட்டு ரிவர்ஸ்ல போய்க்கினு கீது!” தீர்த்தம் தெளித்த கையோடு சாமியாரும் சிரித்துவிட்டார். “பொண்ணு சொன்னா காதுல வாங்குனாதான? அது கேட்டதுக்கும் இன்னும் வாயத் தொறக்கல” என்று அம்மா ஊர் முன்னால் மானத்தை வாங்கினாள். பிரித்துவிட்டு நிமிர்ந்ததை ஒட்டலாம் என்றான் பாஸ்கல்.

மறுநாள் அப்படியே எண்ணூர்ப் பக்கம் வலைக்குப் போனோம். வடக்கே போனால் கரைக்குத் தெரிவது இடது பக்கம்தான். அம்மா காசிமேட்டுக் கருங்கல் மேல் நின்று பார்த்திருக்கிறாள். திரும்பி வந்ததும் சொன்னாள்: “எழுத்தப் பாத்தா போறப்பவே வூட்டுக்கு வர்ற மாரி இருந்துச்சுய்யா. பிரிக்காத, வுடு.”

நான் பிரிக்கவில்லை. மனோகரன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஜெர்மனிக்காரர்களுக்குச் சரி என்று எழுதிவிடு. போய் வா, கண்ணு. உன் பெட்டிக்கும் பெயர் அடிக்க பாஸ்கலிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் சாய்வுதான்; நீ திட்டினாலும் மாற்றமாட்டேன்.

உன் நைனா
செல்வநாதன்