குதிர் அறைக்கு வந்தவன்

என் உயிரான அத்தைக்கு,

உங்கள் கருமாதி முடிந்தது. வீட்டைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வந்திருந்தான், அத்தை.

ஆமாம், அவனேதான். கடலுக்கு அக்கரையில் சண்டை மூண்ட காலத்தில், காலில் குண்டுக் காயத்தோடு நம் கொல்லையில் வந்து விழுந்தானே. அய்யா போன பிறகு, ஊருக்கு ஒதுக்குப்புறமான அந்தப் பெரிய வீட்டில் அம்மா, புருஷனை இழந்து திரும்பி வந்த நீங்கள், சிறுமியான நான், அவ்வளவு பேர்தான். இயக்கத்தை விட்டு ஓடி வந்துவிட்டேன், பிடித்தால் கொன்றுவிடுவார்கள் என்று அழுதான். நெற்குதிர் இருந்த அறையில் படுக்க வைத்தீர்கள். அவன் புண்ணில் புழு நெளிந்தது. நான் வாந்தி எடுத்தேன். நீங்கள் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தீர்கள்.

புண் ஆற ஆற அவன் பேச்சு இனித்தது. அம்மாவிடம் ஒரு சிரிப்பு, உங்களிடம் ஒரு சிரிப்பு. அம்மா அடிக்கடி தலைவாரிக்கொள்ள ஆரம்பித்ததை நீங்களும் கவனித்தீர்கள்தானே?

யார் சொன்னார்களோ, உங்கள் தம்பியே, என் சித்தப்பாவே, அந்த இயக்கத்து ஆட்களைக் கூட்டி வந்தார். அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருந்தவன், கதவு உடையப்போகிறது என்றதும் திறந்து வந்து உங்களைக் கைகாட்டினான்.

"நான் ஓடி வரேல்லை அண்ணை. இவதான் என்னைப் பூட்டி வைச்சிருந்தவ. தன்னோட இருக்கச் சொல்லி, போக விடேல்லை."

நீங்கள் வாயே திறக்கவில்லை. திறந்தால் அவன் உயிர் போயிருக்கும். அதற்காகத்தானே?

அவன் பிழைத்துப் போனான். ஊர் உங்களை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதை விட்டது. தாழ் உள்பக்கம்தான் கிடந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். வாயிலேயே அடித்தாள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. சாகும்போதுகூட அம்மா உங்கள் கையால் தண்ணீர் வாங்கவில்லை.

இப்போது சண்டையே முடிந்துவிட்டது. அவன் வெளிநாட்டிலிருந்து மாலையோடு வருகிறான். தாய் மாதிரி என்று தேம்புகிறான். சித்தப்பா அவனைப் பந்தியில் பக்கத்திலேயே உட்கார வைக்கிறார்.

நேரே போய் நின்றேன். "அன்னைக்கு எங்க அத்தையைப் பத்திச் சொன்னது பொய்யா, நெசமா? சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அந்த நேரம் உயிர்தான் பெரிசாத் தெரிஞ்சுது, தங்கச்சி. பழசை ஏன் கிளறுறியள்?"

பந்தி முழுக்கக் கேட்டது. ஒருவர்கூட எழவில்லை. விருந்தாளியிடம் என்ன பேச்சு என்று என்னை அதட்டிய சித்தப்பா, அவனுக்கு ரசம் ஊற்றச் சொன்னார். அவன் கை இலையில் இருக்கும்போதே இலையை மடித்து எடுத்தேன். வெளியே கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன்.

வருஷ திவசத்துக்கு சித்தப்பாவுக்கு இங்கே இலை விழாது, அத்தை. உங்களுக்கு நானே செய்வேன். கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வேன்: எங்க அத்தை யாரையும் பூட்டி வைக்கலை. அவனைச் சாகவிடலை, அம்புட்டுத்தான்.

உங்கள் அண்ணன் மகள்,
செல்வி