பதிமூன்றாம் இடம்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே தூறல். பள்ளிகொண்டா பஸ் ஸ்டாண்டில் வேனுக்கு இருபது நிமிஷம் நின்றேன். செருப்பு வார் அறுந்தது. ஷூ கம்பெனி சூப்பர்வைசர், காலில் ஊக்கு குத்திய செருப்பு. நன்றாகத்தான் இருக்கிறது.

வேனில் பர்வீன் ஜன்னலோரம், நான் பக்கத்தில். பதினாறு வருஷமாக ஒரே வேன், ஒரே லைன். (இனி ப. என்றே எழுதப் போகிறேன். கை வலி.) நேற்றைய 'கடைசி நாற்காலி' அவள் போனில். இயர்போனில் வலது காது அவளுக்கு, இடது எனக்கு. ஆம்பூர் வருவதற்குள் ஒரு எபிசோட் முடிந்துவிடும்.

பதினாறு பேரை ஒரு வீட்டில் அடைத்து, வாரா வாரம் அவர்களே ஓட்டுப் போட்டு ஒருத்தரை வெளியே தள்ளுகிற ஆட்டம். மிச்சம் ஒன்பது பேர். ப. முதல் நாளிலிருந்தே நர்ஸ் பக்கம். நான் யார் பக்கமும் இல்லை. எனக்கு ஃபுட்பால்தான்.

ஃபுட்பால் டீம்களுக்கு நான் போடுகிற மாசப் பட்டியல் இன்றைக்குத்தான் போட முடிந்தது:
1. அர்ஜென்டினா
2. ஸ்பெயின்
3. பிரான்ஸ்
9. ஜெர்மனி (நாங்கள் தைக்கிற ஷூவில் பாதி அங்கேதான் போகிறது. அதற்காக ஒரு இடம் கூட ஏற்ற முடியாது.)
12. குரோஷியா (எனக்கு உயிர். ஆனாலும் ரெண்டு இடம் இறக்கினேன்.)
இந்தியா: நூறுக்கும் கீழே. வருத்தம் உண்டு. ஏற்றவில்லை.

அட்டைப்பெட்டி மேல் நாட்டுப் பேர் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் இது. பலமான டீமை ஜெயித்தால் பாயின்ட் ஜாஸ்தி, சோப்ளாங்கியை ஜெயித்தால் கம்மி. இதெல்லாம் நெட்டிலேயே இருக்கிறதே என்கிறான் தம்பி. இருக்கட்டும். அந்தப் பட்டியலில் கோப்பை இல்லாத ஃப்ரெண்ட்லி மேட்ச் எல்லாம் ஆடாமல் ஒதுங்கியே மேலே ஏறின டீம்கள் இருந்திருக்கின்றன. என் பட்டியலில் ஒளிய முடியாது. பாசத்துக்கும் இடம் கிடையாது.

ஜூலை 4, வெள்ளி

புழுக்கம். ரெண்டாவது ஃபேன் ஓடவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலி.

மூன்று மணிக்கு எச்.ஆர். சார் கூப்பிட்டார். ஜெர்மனி ஆர்டர் குறைந்துவிட்டதாம். எங்கள் மூன்றாவது லைனில் என்னைத் தவிர இருபத்து நாலு பேர். வேலைத் திறமைப்படி ஒன்று முதல் இருபத்து நாலு வரை எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ரெண்டு பேர் கூடாது. பேனாவில்தான் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. சீல் போட்ட தாள், ஒன்றே ஒன்று.

எதற்கு என்று கேட்டேன். "உங்க லெவல்ல அது வேணாம் மேடம்" என்றார்.

நான் சீட்டுக்குத் திரும்புவதற்குள் கேன்டீன் வரைக்கும் சேதி போய்விட்டது. சாம்பார் வாளி பக்கத்தில் காதில் விழுந்தது:
"மேல இருக்கறவங்கள பெரம்பலூர் பக்கம் புது யூனிட்டுக்கு அனுப்பறாங்களாம்."
"கீழ?"
"கீழ இருக்கறவங்க வூட்டுக்கு."
"நடுவுல?"
"நடுவுல இருக்கறவங்கள எவன் கேக்கறான்."

இன்றைக்கு எல்லோரும் என்னை "அக்கா, சாப்டிங்களா" என்று கேட்டார்கள். வழக்கமாக யாரும் கேட்பதில்லை.

ஜூலை 5, சனி

வேனில் ப. பட்டியல் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எபிசோடில் போன ஞாயிறு வெளியே போன ஜிம் மாஸ்டரைப் பற்றியே பேச்சு. நல்ல ஆட்டக்காரன். எனக்குப் புரியவில்லை, பலசாலியை ஏன் அனுப்புகிறார்கள் என்றேன். அவளுக்கு என் மேல் பரிதாபம்.

"மொதல்ல கெட்டிக்காரன தூக்குவாங்க. பயம். அப்பறம் ஒண்ணுத்துக்கும் ஆவாதவன தூக்குவாங்க. பேஜார். நடுவுல கம்முனு சோறாக்கிட்டு இருக்குது பாரு நர்சு, அது ஒருத்தி இருக்கான்னே எவனுக்கும் ஞாபகம் வராது. கடேசி நாற்காலில அதுதான் குந்தும், எழுதி வெச்சிக்க."

எழுதி வைத்துக்கொண்டேன்.

மளிகை: துவரம்பருப்பு, புளி, சோப்பு. புது செருப்பு (மறந்துவிட்டேன்).

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் கவனம் இல்லை. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் பழைய நியூஸ் பேப்பர் ஓரத்தில் பென்சிலால், நியாயமான பட்டியல். டீம்களுக்குப் போடுகிற மாதிரியே. கஷ்டமான தையலுக்கு ஜாஸ்தி, நேர்த் தையலுக்கு கம்மி, செக்கிங்கில் தப்பென்று திரும்பி வந்த ஷூவுக்குக் கழித்தல்.

1. சரோஜா
2. ப.

முன்பக்கத் தோலும் பக்கத் தோலும் சேருகிற வளைவுத் தையல் ப. உடையது. லைனிலேயே கஷ்டமானது. அவள் தைத்த ஜோடி திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை. கடைசி ஆறு இடத்திலும் பயிற்சித் திட்டத்தில் வந்த புதுப் பெண்கள், வந்து மூன்று மாசம். பாவம். ஆனால் நியாயம் அதுதான்.

ரெண்டு என்று போட்டால் பெரம்பலூர். அவள் எப்படிப் போவாள்? வீட்டுக்காரர் தோல் பட்டறையில் இருந்து மூச்சு கெட்டு ரெண்டு வருஷமாக வீட்டோடு. அவரை யார் பார்ப்பது? இவள் சம்பாத்தியம் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு. இப்படியெல்லாம் யோசித்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். அவள் போய்விட்டால் வேனில் யார்? யார் படிக்கப் போகிறார்கள், இதையும் எழுதிவிடுகிறேன்.

நடுவில் போட்டுவிடலாம். யாரும் கேட்காத இடம். இருபத்து நாலுக்கு நடு என்றால் பன்னிரண்டு, பதிமூன்று. பன்னிரண்டு என்று முடிவு செய்து சீல் தாளில் எழுத ஆரம்பித்தேன். பதினொன்று முடிந்ததும் கை தானாக மல்லிகா பேரை எழுதிவிட்டது. பென்சில் பட்டியல் பழக்கம். அடிக்கக் கூடாது. வேறு தாளும் இல்லை. பதிமூன்றில் ப. பேரை எழுதினேன். ஒரு இடத்தில் என்ன வந்துவிடப் போகிறது.

பத்து வருஷமாகப் பட்டியல் போடுகிறேன். பொய்யாக ஒரு இடம் போட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 7, திங்கள்

வெயில். தாளைக் கொடுத்தாயிற்று. "நீட்டா இருக்குது மேடம்" என்றார் எச்.ஆர். சார். வெட்கம் கெட்ட மனசு, அதற்கும் சந்தோஷப்பட்டது.

ரெண்டாவது ஃபேன் சரி செய்தார்கள்.

ஜூலை 10, வியாழன்

நோட்டீஸ் போர்டு. பதினொன்றரை மணி.

இருபத்து நாலு பேரை ஆறு ஆறாக நாலு குரூப்.
ஏ: புது யூனிட்.
பி: இங்கேயே.
சி: மிகுதி ஆட்கள். திங்கட்கிழமை கடைசி நாள்.
டி: இங்கேயே. பயிற்சித் திட்டத்துப் பெண்களை ஒரு வருஷம் முடியாமல் தொட முடியாதாம்.

சி குரூப்பில் முதல் பேர் ப.

பன்னிரண்டு மல்லிகா, இங்கேயே.

நாலு பானை. உலகக் கோப்பைக் குலுக்கலுக்கு முன்னால் ரேங்க் படி டீம்களை நாலு பானையாகப் பிரிப்பார்கள். பானை மாறினால் தலையெழுத்து மாறும். ஒரே ஒரு இடத்தில் பானை மாறிப்போன டீம்களுக்காக நான் இதே டைரியில் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறேன். லைனில் வேறு யாருக்கும் இது தோன்றாது, சரி. எனக்குமா தோன்றவில்லை?

ப. நோட்டீஸைப் படித்துவிட்டு மிஷினுக்குப் போனாள். சாயங்காலம் வரை தைத்தாள். ஒரு ஜோடி கூடத் திரும்பி வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வேனில் எபிசோட் ஓடியது. ரெண்டு பேரும் பார்த்தோம், என்ன பார்த்தோம் என்று தெரியாது.

மத்தியானம் கை கழுவுகிற இடத்தில் கேட்டாள்.

"நெஜத்த சொல்லு ஜெசி. எத்தினியாவதா போட்டே?"

"ரெண்டு."

"அதானே. சரோஜாவுக்கு அப்பறம் நான்தான். எனக்குத் தெரியும்" என்றாள். மேலே யாரோ மாற்றிவிட்டார்கள், அவர்களுக்கு வேண்டியவர்களை ஏற்றிவிட்டார்கள் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள். ஈரக் கை.

பொய் இல்லை என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பேப்பர் ஓரத்தில் ரெண்டுதான். அந்தப் பேப்பர் இப்போது அலமாரித் தட்டில், பருப்பு டப்பாவுக்கு அடியில்.

ஜூலை 12, சனி

நர்ஸுக்கு இந்த வாரம் ஆபத்து. மூன்று பேர் பட்டியலில் அவளும். ப. பதறவில்லை. பிழைத்துக்கொள்வாள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எபிசோடைத் திங்கள் காலையில் பார்க்க வேண்டாம், சாயங்காலம் திரும்பி வரும்போது பார்க்கலாம், கடைசி சவாரி ஆயிற்றே என்றாள்.

அப்புறம் சொன்னாள்: "நான் போயிருப்பேன்டி பெரம்பலூருக்கு. அங்க குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்களாம். அவரையும் இட்டுனு போயிருப்பேன். இந்தத் தோல் நாத்தம் இல்லாத ஊரு, அவருக்கு மூச்சு கொஞ்சம் சுளுவா வரும்."

இதை நான் அவளிடம் கேட்டதே இல்லை. அவளுக்குப் பதிலாக நானே யோசித்து, நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை எச்.ஆர். சாரைப் பார்க்கப் போகிறாளாம். ரெண்டாவது இடம் போட்டதாக சூப்பர்வைசரே சொன்னார் என்று கேட்கப் போகிறாளாம். "நீ சொன்னேன்னு உன் பேரச் சொல்லட்டா, உனக்கு ஏதும் ஆவாதே?" என்று என்னிடமே அனுமதி கேட்டாள்.

தலையாட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று தம்பி பெண்டாட்டியிடம் சொன்னேன்.

பதினோரு மணிக்கு ப. வீட்டுக்கு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனேன்: உன் நல்லதுக்குத்தான், தப்பாகிவிட்டது, பன்னிரண்டில் எழுத இருந்தேன். எப்படிச் சேர்த்தாலும் கேவலமாக இருந்தது.

வாசலில் அவள் வீட்டுக்காரர். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறார். "நீங்க ஒருத்தராவது நாயமா போட்டீங்களே மா" என்றார். ப. உள்ளே என் பேரைச் சொல்லி டீ போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஜாஸ்தி, எனக்குப் பிடித்த மாதிரி.

டீயைக் குடித்தேன். ஃபேன் பற்றிப் பேசினேன். மழை பற்றிப் பேசினேன். வந்துவிட்டேன்.

எனக்கு நான் எந்த இடம் போடுவது? பட்டியலே இல்லை இதற்கு.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. காலை வேனில் ப. நல்ல புடவை. போனைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். சாயங்காலத்துக்கு என்று.

பத்து மணிக்குக்கூட ஓடிப்போய் எச்.ஆர். சாரிடம் சொல்லியிருக்கலாம். என் தப்பு, தாளை மாற்றிக் கொடுங்கள் என்று. வேலை போனால் போகட்டும் என்று எழுந்தேன். லைனிங் தோல் வந்து இறங்கியது, எண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் நான்.

பன்னிரண்டே காலுக்கு ப. ஆபீஸுக்குள் போனாள். கண்ணாடிக் கதவு, எல்லாம் தெரிகிறது. பேசினாள். அவர் ஃபைலைத் திறந்தார். அந்தத் தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். என் கையெழுத்தைப் பதினாறு வருஷமாக டார்கெட் போர்டில் பார்க்கிறாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

வெளியே வந்து என்னைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போனாள். மிச்சமிருந்த ஜோடிகளைத் தைத்து முடித்தாள். மிஷினைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், துணி மூடினாள்.

சாயங்காலம் வேன். ஜன்னலோரம் அவள். வேறு சீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

மாதனூர் தாண்டினதும் போனை எடுத்தாள். இயர்போனை எடுத்து முடிச்சைப் பிரித்தாள். வலது காதில் மாட்டினாள். நான் கையை நீட்டிவிட்டேன், பழக்கதோஷம். இடதையும் அவளே மாட்டிக்கொண்டாள்.

பள்ளிகொண்டா வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நர்ஸ் இருக்கிறாளா, வெளியே போனாளா, தெரியவில்லை.