இடது கன்னத்துக்கு ஒரு நிறம்

நவம்பர் 18, 1961. சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதாகப் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. இன்னும் மூன்று ரவிக்கை தைக்க வேண்டும். இடுப்பு வலி.

அடுத்த வாரம் ஞாயிறு மகள் மாலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளும் அந்தப் பையனும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது வருவது அவன் அம்மா, கான் தெ மாஸ்க் கிராமத்திலிருந்து. அவள் பார்க்கப்போவது பெண்ணின் வீட்டை. வீட்டில் முதலில் கண்ணில் படுவது என் முகம்.

இடது கன்னம். வாயோரத்திலிருந்து காது வரை வெள்ளை. பதினாலு வருஷம். குஷ்டம் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். எழுதியதை யார் படிக்கிறார்கள்?

முன்பு ஒரு இடம் வந்தது. என்னைப் பார்த்ததும் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்கள். மாலா நிறைந்திருந்த கோப்பைகளைக் கொட்டிக் கழுவினாள். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நவம்பர் 20, திங்கள்

போர்ட் லூயிஸ் போனேன். பஸ்ஸில் வழக்கம்போல இடப்பக்க ஜன்னல் ஓரம், கன்னம் வெளிப்பக்கம்.

பெரிய கடை. முகப்பூச்சு கேட்டேன். ஃபோன் தெ தேன் என்கிறார்கள். மூன்றே நிறம்: ஐவரி, ரோஸ், பெய்ஜ். கடைப்பெண் நல்லவள், முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றாக என் கன்னத்தில் தொட்டு வைத்தாள். ரோஸ் வைத்ததும் அவளே வியந்துபோய், "பார்ஃபே, மதாம்!" என்றாள். கச்சிதமாம்.

வைத்தது வெள்ளையின் மேல். பூசியதே தெரியவில்லை. அத்தனை பெரிய கடையில் எனக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்று, அதுவும் நோய்க்கு. சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் அழுகையும் வந்தது.

பெய்ஜ் ஒரு டப்பா. விலையை இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 22, புதன்

மழை. புயலில் பறந்த கூரைத் தகரத்துக்குப் பதில் போட்டது மறுபடி ஒழுகுகிறது.

கலந்து பார்த்தது:
பெய்ஜ் ஒரு கரண்டி, கோகோப் பொடி கால் - சாம்பல் நிறம், செத்தவள் முகம்.
கோகோ அரை - பரவாயில்லை, ஆனால் வெளிறல்.
கோகோ அரை, மஞ்சள் ஒரு சிட்டிகை, குங்குமம் நகக்கண் அளவு - கிட்ட வந்துவிட்டது!

கற்றது: புறங்கையில் பூசிப் பார்ப்பது வீண், கை வேறு முகம் வேறு. தாடையோரம் பூச வேண்டும். விளக்கை நம்பக்கூடாது, விளக்கில் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ஜன்னலுக்குப் போ. காயும் வரை பொறு, காய்ந்தால் ஒரு படி கறுக்கும்.

டப்பாவில் எறும்பு. கோகோவின் வேலை. தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறேன்.

இவர் சொன்னார், "மறைச்சா என்னைக்காச்சும் தெரியும்." தெரியட்டும். முதலில் அந்த அம்மாள் உட்காரட்டும், தேநீர் குடிக்கட்டும். மகளை விரும்பிவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நான் கேட்பது அரை மணி நேரம்.

நவம்பர் 24, வெள்ளி

ஒத்திகை. முழுதாகப் பூசிக்கொண்டு, முக்காடு இல்லாமல், சீனன் கடைக்கு நடந்தேன். எண்ணெய், பருப்பு, நூல்கண்டு. வேர்த்தது, ஆனால் கலையவில்லை. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தராசைப் பார்த்தார். அவ்வளவுதான். மற்றவர்களைப் பார்ப்பது போல!

சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

வெயில். நாலு மணிக்கு வந்தார்கள்: பையன், அவன் அம்மா, மாமா.

வெளிச்சம், வேர்வை, மழை, எறும்பு எல்லாவற்றையும் யோசித்தேன். ஒன்றை மறந்துபோனேன். வாசலிலேயே அந்த அம்மாள், "பொஞ்சூர், பொஞ்சூர்!" என்று என் தோளைப் பிடித்து, கன்னத்தோடு கன்னம் அழுத்தி, வலப்பக்கம் ஒரு முத்தம், இடப்பக்கம் ஒரு முத்தம். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். எனக்குப் பதினாலு வருஷமாக யாரும் செய்ததில்லை. கை கொடுப்பார்கள், தூர நின்று தலையாட்டுவார்கள். அதனால்தான் மறந்தே போயிற்று.

அவள் நிமிர்ந்தாள். பவுடர் பூசிய கன்னத்தில் என் கோகோ, உள்ளங்கை அகலம்.

நான் முந்தானையை இழுத்து இடது கன்னத்தில் வைத்துக்கொண்டேன். பல்வலி என்றேன். அவள் தேநீர் குடித்தாள், கேக் தின்றாள், மாலாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். நல்ல மனுஷி. அறையில் அத்தனை பேரும் அந்தக் கறையைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். சொன்னால் என் முகத்தைக் காட்ட வேண்டும்.

அப்படியே பஸ் ஏறிப் போனாள்.

நவம்பர் 28, செவ்வாய்

தகவல் இல்லை. சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

மாலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "ஒன் கன்னத்தப் பத்தி அவருக்குப் போன வருசமே தெரியும்மா. நானே சொல்லிட்டேன். அவுங்கம்மாகிட்ட சொல்லத்தான் அவருக்குப் பயம்."

"இப்ப?"

"இப்ப சொல்லிட்டாரு. அவுங்க ஒண்ணுமே பேசலையாம்."

பிறகு அழுதுகொண்டே கத்தினாள். "நான் கேட்டனா? மூஞ்சிய மறைக்கச் சொல்லி நான் கேட்டனா?"

கேட்கவில்லை. நான்தான். களைப்பாக இருக்கிறது. டப்பாவில் பாதி மிச்சம்.

டிசம்பர் 3, ஞாயிறு

மழை விட்டு வெயில். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், முகத்தில் எதுவும் இல்லாமல். வேலிக்கு வெளியே அந்த அம்மாள். தனியாக. கையில் ஒரு கொத்து லிச்சிப் பழம்.

முந்தானை உலர்த்தும் துணிக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. முகத்தை மூட நேரமில்லை. நேராக வந்தாள்.

"ஏம்மா, ஒனக்கு வாய் இல்லியா? இங்கேந்து போர்ட் லூயிஸ் வழியா வீடு வரைக்கும் அந்த மூஞ்சியோட போனேன்! பஸ்ஸுல ஒரு ஆளு சொல்லல, கூட வந்த எம்மவனும் சொல்லல. வீட்டுல மூத்த மருமவ சிரிச்சப்பத்தான் தெரியும். நீ எதிர்லயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்த!"

"மன்னிச்சிருங்க அக்கா."

"ஒரு வார்த்த சொன்னா தொடச்சிட்டுப் போறேன்!"

கோபம் அதற்குத்தான். வெள்ளைக்கு அல்ல. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் யாரும் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"தொத்துமா?"

"இல்லக்கா. எங்க வீட்டுல யாருக்கும் வரல."

"பொண்ணுக்கு வருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "தெரியாதுக்கா. டாக்டருக்கும் தெரியல."

அவள் லிச்சி ஒன்றை உரித்தாள், வாயில் போட்டாள், கொட்டையை வேலிக்கு வெளியே எறிந்தாள்.

"எம்மவன் தெரிஞ்சுதானே கேக்குறான். சரி. தையில வெச்சுக்கலாம். ஐயர நீங்க பாருங்க."

தேநீருக்குக்கூட நிற்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். போகும்போது தோளைப் பிடித்தாள். வலது கன்னத்தில் ஒரு முத்தம், பிறகு இடது, வெள்ளையின் மேலேயே, அவசரமில்லாமல். நான் போன முறை நினைப்பில் அவள் கன்னத்தைத்தான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

நாலு அடி போய்த் திரும்பினாள்.

"ஒன் வலது கன்னத்துல என் பவுடர் ஒட்டிக்கிட்டிருக்கு. பாத்தியா, நான் சொல்றேன்."

இருட்டும் வரை துடைக்கவில்லை.