ஜரிகை நூலில் தைத்த பொத்தான்

நவம்பர் 18, செவ்வாய்

ராத்திரி பெய்த மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. சொம்பால் மொண்டு வெளியே ஊற்றினேன். தறியில் பாதிப் புடவை அப்படியே நிற்கிறது. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. மூன்றாம் தேதி காலை இதை நெய்துகொண்டிருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாவு நூலின் மேல் சாய்ந்தார். சாலமோன் செத்துப்போனார் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலும் நம்ப முடியவில்லை.

அருணகிரி முதலாளி வந்தார். பதினெட்டு வருஷமாக அவர் கொடுக்கும் பட்டைத்தான் நெய்கிறோம். செருப்பைக் கழற்ற மனசில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"செல்விம்மா, பொடவ கேட்ட கல்யாணப் பொண்ணு வூட்டுக்காரங்க போன் மேல போன் போட்டுகினு கீறாங்க. ஒரு ஆள அனுப்பறேன். அவன் தறில உக்காரட்டும், நீ எப்பவும்போல பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா ஓட்டு."

"முப்பத்தொண்ணு முடியட்டும் மொதலாளி."

"பதினாறாம் நாளு வந்தா முடிஞ்சிச்சேம்மா."

"எங்க ஊர்ல முப்பத்தொண்ணு."

"எங்க ஊரு எங்க ஊருன்ற. முப்பத்தஞ்சு வருஷமா எந்த ஊர்ல கீற நீ?"

இதை அவர் போலீஸிடம் போய்க் கேட்க வேண்டும். தறிக்காக ஊருக்குள் குடியிருந்தாலும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அகதி முகாமுக்குப் போய் முகத்தைக் காட்டி, நான் இன்னும் வெளிநாட்டுக்காரிதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். முதலாளிக்கு நான் உள்ளூர், சர்க்காருக்கு வெளிநாடு. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொன்னால் தேவலை.

முப்பத்தோராம் நாள் படத்துக்கு மாலை போட்டு, ஜெபம் சொல்லி, வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். மன்னாரிலிருந்து அம்மா எங்களைப் படகில் கூட்டி வந்தபோது நனையாமல் வந்தது அந்த வழக்கம் ஒன்றுதான். அதை விட மாட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

தலைவர் செத்துவிட்டார். பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் அக்கா டிவியை அலறவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். மத்தியானத்துக்குள் கடை எல்லாம் ஷட்டர் இறங்கிவிட்டது.

அவர் பேரை நான் இதில் எழுத மாட்டேன். எழுத ஆள் இல்லாமலா போய்விடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முகாமுக்கு வந்தார். டெல்லியில் பெரிய இடத்தில் இருந்த நேரம். முந்தின நாள் ராத்திரியே முகாம் கக்கூஸுக்குக் கதவு வந்தது. அடுத்த வாரம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேடையில் நின்று, "நீங்கள் விருந்தாளிகள் இல்லை, இந்த வீட்டுப் பிள்ளைகள்" என்றார். எல்லாரும் அழுதார்கள். இவரும் அழுதார். எனக்குக் கால் வலித்தது.

கீழே இறங்கி வந்தவர் இவர் தோளில் கை போட்டு நின்றார். போட்டோ எடுத்தார்கள். அன்றிலிருந்து முகாமில் இவருக்குப் பேரே 'தலைவர் தொட்ட சாலமோன்'. கேட்கிறவரிடம் எல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பார். என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்: "அவரு என்ன அணைக்கலடி. புடிச்சுகினாரு." கதை விடாதீங்க என்றேன்.

சாகிற வரைக்கும் நம்பினார். இந்த வருஷம் குடியுரிமை வரும், அடுத்த வருஷம் வரும். தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் இல்லையா. இப்போது இரண்டு பேரும் இல்லை. வாக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

நவம்பர் 21, வெள்ளி

துக்கம் என்று அருணகிரி முதலாளி எல்லாத் தறியையும் இரண்டு நாள் நிறுத்திவிட்டார். கடை வாசலில் தலைவர் படம், ரோஜா மாலை, ஊதுபத்தி. அங்கே மட்டும் செருப்பைக் கழற்றினாராம்.

பதினெட்டு வருஷம் நெய்த ஆள் செத்தபோது தறி நிறுத்த அவருக்கு அரை நாள் கிடைக்கவில்லை. முகூர்த்த நேரம்மா என்றார்.

பக்கத்துத் தெரு பவர்லூம் சத்தமும் நின்றுவிட்டது. இவர் சவம் கூடத்தில் கிடந்த அன்று அந்தச் சத்தத்தில் ஜெபம்கூடக் காதில் விழவில்லை. இன்று ஊர் முழுக்க ஒரு தறி ஓடவில்லை. அந்த அமைதியில்தான் எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த அக்கா, "பாரு, செல்விகூட தலைவருக்காக அழுவுது" என்று தெருவில் சொல்லிவிட்டாள்.

சொல்லட்டும்.

நவம்பர் 22, சனி

கட்சிக்காரன் தென்னரசு வந்தான். பேன்ட் மடிப்புக் கலையாத துக்கம்.

"அக்கா, தலைவர் நம்ம ஏரியா ஆளோட நின்ன போட்டோ உங்ககிட்டதான் கீதாமே. பேனர் அடிக்கணும், ஜல்தியா குடுங்க. நாளைக்கே திருப்பித் தந்துடறேன்."

தறிக் கம்பத்தில் மாட்டியிருந்த படம் அது. கொடுக்க மனசே இல்லை. இவருக்கு வேறு நல்ல படம் கிடையாது. அகதி அட்டையில் இருப்பதைப் பார்த்தால் கோழி திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருக்கும். வேலூரில் வேலையிலிருக்கும் மகள் பிரிஸில்லாவின் போனில் ஒன்று இருக்கிறது, அதில் கண் மூடியிருக்கிறார். இந்த ஒரு படத்தில்தான் வெள்ளைச் சட்டை போட்டு நிமிர்ந்து நிற்கிறார்.

அந்தச் சட்டையின் இரண்டாவது பொத்தானை நான் ஜரிகையில் தைத்தேன். தலைவர் வருகிற அன்று காலை பார்த்தால் பொத்தான் இல்லை, வீட்டில் வெள்ளை நூலும் இல்லை. தறியில் தொங்கிய ஜரிகையில் ஒரு முழம் கிள்ளித் தைத்துவிட்டேன். "மொதலாளி ஜரிகைல பொத்தானா? கேட்டா இன்னாடி சொல்வே?" என்று இவர் பதறினார். படத்தில் அந்தப் பொத்தான் மட்டும் பொட்டு மாதிரி மின்னும்.

இவர் இருந்திருந்தால் படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். அதற்காகத்தான் கொடுத்தேன். தென்னரசுக்காக இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கொண்டுவரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் பேனரைப் பார்த்தேன்.

இரண்டு ஆள் உயரம். "இமயம் சாய்ந்தது, எங்கள் இதயம் நொறுங்கியது" என்று கொட்டை எழுத்தில். தலைவர் நிற்கிறார். பக்கத்தில் அவர் தோளணைப்பில் நிற்பது தென்னரசு. இதயம் நொறுங்கிய முகம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. நெற்றியில் சந்தனம் வேறு. ஏதோ கல்யாணத்தில் எடுத்த முகம்.

கூட வந்த அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏண்டி, தென்னரசு எப்போ இவ்ளோ இளைச்சான்? மூஞ்சி பூசணிக்கா மாரி கீது, ஒடம்பு முருங்கக்கா மாரி கீது."

நான் அதற்குள் பார்த்துவிட்டேன். இரண்டாவது பொத்தான். பேனரில் அது ஒரு தட்டு அகலத்துக்கு மின்னுகிறது.

தலையை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். உடம்பு இவர் உடம்பு. நான் துவைத்த சட்டை. ஜரிகை நூல்கூட இருக்கிறது. ஆள் இல்லை.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதற்குக் கும்பிடு போட்டார்கள். நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

தென்னரசு வீட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்க வூட்டுக்காரர மறைக்கணும்னு இல்ல. வெளிநாட்டு ஆளப் போட்டா பேஜாராவும்னு கட்சி மாவட்ட ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"அப்ப ஒடம்பு மட்டும் உள்நாடா தம்பி?"

டீ டம்ளரைக் கீழே வைத்தான். படம் எங்கே என்று கேட்டேன். மாவட்ட ஆபீஸுக்கு வாங்கிக்கொண்டு போனார்களாம், அங்கே யார் கையில் இருக்கிறதோ தெரியாதாம். கேட்டுப் பார்க்கிறானாம். ஆறுதலுக்கு ஒன்று சொன்னான்: வியாழக்கிழமை இரங்கல் கூட்டம், அகதிங்க சார்பா நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை அழுதா டிவில வரும், மாவட்டமே எறங்கி வந்து படத்தைத் தரும்.

நான் அழுவதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில்தான் உறைத்தது. வீட்டில் எங்கே இருக்கிறார்.

நவம்பர் 27, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. ஒலிபெருக்கி வீட்டுக்கே வந்துவிட்டது. யாரோ ஒருவன் தலைவர் இல்லாத நாட்டில் வாழ மாட்டேன் என்று கதறினான். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் நேரத்துக்கு உயிரோடுதான் இருந்தானாம். அக்கா வந்து சொன்னாள். அவளுக்கு இரண்டு பொட்டலம்.

நாளை முகாமில் ஆஜர். போன தடவை சாவு வீடு என்று விட்டுவிட்டார்கள், இது முதல் தடவையாகத் தனியாகப் போக வேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி

முகாமிலும் படம், மாலை, மெழுகுவத்தி. கதவு இல்லாத அதே கக்கூஸ் சுவரில்.

டிசம்பர் 1, திங்கள்

துக்கம் முடிந்து பேனரை இறக்கிவிட்டார்கள். அக்கா சும்மா இருப்பாளா. ஒன்றை இழுத்து வந்து விறகு மேல் போட்டு மூடியிருக்கிறாள். தென்னரசின் மூஞ்சிக்கு நேரே மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

படம் வராது. புதன்கிழமை முப்பத்தொன்று. சர்ச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. வெறும் சுவரைப் பார்த்து ஜெபம் சொல்லச் சொல்லவா?

அக்காதான் யோசனை சொன்னாள். "பேனர் அடிச்சவன் கம்ப்யூட்டர்ல ஒண்ணு வெச்சிகினு இருப்பான்டி. போய்க் கேளு."

பேனர் அடித்த ஸ்டூடியோக்காரர் தனகோடி. போனேன். இருந்தது. தலை மாற்றாத முழுப் படம். திரையில் இவர் முகம் வந்ததும் இன்னும் கிட்டே போனேன். தனகோடி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னாம்மா பண்ணணும்?"

"அந்தப் பெரிய மனுஷன எடுத்துடுங்க. இவர் மட்டும் போதும்."

எடுத்தார். முகம் போனது, வேட்டி போனது, துண்டு போனது. கை மட்டும் இவர் தோளில் நின்றது.

"அதையும் எடுங்க."

"கைக்குக் கீழ தோள் எப்படி கீதுன்னு நமக்குத் தெரியாதேம்மா. வேற யார்தாவது தோள எடுத்து ஒட்டிடலாம். ஒட்டினதே தெரியாது."

பேனர் ஞாபகம் வந்தது.

"வேணாங்க. வேற ஆள ஒட்டினது போதும். கை இருக்கட்டும்."

டிசம்பர் 3, புதன்

ஊர் முழுக்கக் கார்த்திகை விளக்கு. பாதி ஜனம் திருவண்ணாமலை தீபத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் சோற்றுக்கு ஆள் வந்தார்கள். முகாமிலிருந்து பதினோரு பேர், பிரிஸில்லா, அக்கா. முதலாளி வரவில்லை. ஆள் விட்டு வாழைத்தார் அனுப்பியிருந்தார்.

படம் பெரிசாக வந்திருக்கிறது. பெரிசாக்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது.

அந்தக் கை தட்டிக்கொடுக்கிற கை இல்லை. அஞ்சு விரலும் இறுகியிருக்கிறது. சட்டை கசங்கி மடிந்து விரல் இடுக்கில் வந்திருக்கிறது. நரம்பு புடைத்திருக்கிறது. விழப்போகிற கிழவன் கம்பத்தைப் பிடிப்பது மாதிரிப் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கத் தோள் சரியாமல் இருக்க இவர் காலைக் கொஞ்சம் அகற்றி ஊன்றி நிற்கிறார். நிமிர்ந்து நிற்கிறார் என்று ஒன்பது வருஷமாக நான் நினைத்தது அதைத்தான்.

புடிச்சுகினாருடி என்றார். நான் கதை என்றேன்.

நாடே அவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாக டிவியில் பதினைந்து நாளாகச் சொல்கிறார்கள். அவர் யாரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியும். ஓட்டு அட்டை இல்லாத ஆளை.

ஜெபம் முடிந்து இலை போடும்போது அக்கா படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"யாருடி அது, கை மட்டும் கீது?"

"யாரோ வயசானவரு, அக்கா. நிக்க முடியல அவரால. இவரு தாங்கிகினு இருந்தாரு."

"பாவம்," என்றாள் அக்கா. மோர் கேட்டாள்.

டிசம்பர் 4, வியாழன்

குழி காய்ந்துவிட்டது. முதலாளி அனுப்பிய ஆள் காலையிலேயே வந்து, தறியில் உட்காரப் போனான். கரைப் பக்கத்தைக் காட்டி, அங்கே உட்காரப்பா என்றேன். இவர் உட்கார்ந்து நெய்த பலகையில் நான் உட்கார்ந்தேன்.